சுவரைப் பார்த்த மண்டையோடு

அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் குருவம்மாள் லேபிள் போட்டுக் கொடுக்கிறாள். ஊறுகாய் பாட்டில், மிளகாய்ப்பொடிப் பாக்கெட், சேலைப் பெட்டி, ஊதுபத்தி என்று எது வந்தாலும் செய்வாள். இது 1997. ஊரில் நாலு இடத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மற்ற மூன்று இடங்களில் காலையில் சொன்னால் சாயங்காலம் டிசைன் கைக்கு வந்துவிடும். குருவம்மாள் மட்டும் எட்டு நாள் கேட்பாள். எட்டு நாளா என்று வாயைப் பிளக்கிறவர்களிடம் அவள் கேட்கும் கேள்வி அதைவிட விசித்திரம்.

"இத வாங்குறவுக வீட்டுல எந்தப் பக்கம் திருப்பி வைப்பாக, அண்ணாச்சி?"

"இதென்னம்மா கேள்வி? முன்பக்கம் முன்னால, பின்பக்கம் பின்னால."

"யாரு சொன்னா? போயிப் பாத்தீகளா?"

பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். பொருளைச் செய்கிறவருக்கு விற்கிற வரைக்கும்தான் கண். விற்றபின் அது எந்தக் குடிசையில் எந்த மூலையில் கிடக்கிறது என்று பார்த்துவர எந்த முதலாளிக்கு நேரம் இருந்திருக்கிறது? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் சிரிப்பை முக்காட்டு நுனியில் அடக்கிக்கொண்டு, "குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி, அக்கா போயிப் பாத்துட்டு வந்துருவாக" என்பாள்.

இந்தக் கேள்வி குருவம்மாளுக்கு எந்தப் படிப்பிலிருந்தும் வந்ததில்லை. நரிக்குடிப் பக்கம் ஒரு வீட்டு மாடாக்குழியிலிருந்து வந்தது. விளக்கு வைக்கச் சுவரில் குழித்திருக்கும் அந்தச் சின்ன மாடத்தில் அவள் கண்டது, அவளுடைய வேலையை ஒரேயடியாகப் புரட்டிப் போட்டுவிட்டது.

அவளுக்குச் சொந்த ஊர் குமாரலிங்கபுரம். அப்பா கிணறு வெட்டுகிறவர். அடுத்தவர் நிலத்தில் எண்பதடி இறங்கித் தண்ணீர் காட்டிவிட்டு, தன் வீட்டுக்குத் தெருக்குழாயில் குடத்தோடு நின்றவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்றாகி, பதினாறாவது வயதில் குருவம்மாள் அருப்புக்கோட்டையில் நவநீதகிருஷ்ணனின் அச்சகத்துக்கு வேலைக்கு வந்தாள். அடித்து முடித்த ஈய எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போடும் வேலை. பெண்களுக்கு அவ்வளவுதான் என்று அச்சகத்தில் ஒரு தீர்மானம். யார் செய்த தீர்மானம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

வீணான தாள்களின் பின்பக்கம் அவள் வரைந்து தள்ளினாள். ஆடு, கோழி, சீமைக்கருவேலம், மிஷின்மேன் சாப்பிடும்போது விரியும் மூக்கு. 1984-இல் அச்சகத்தின் ஆர்ட்டிஸ்ட் நல்ல சம்பளம் கிடைக்கிறதென்று சிவகாசிக்குப் போய்விட்டார். அவசரமாக ஓர் ஊதுபத்தி லேபிள் முடிக்க வேண்டியிருந்தது. குருவம்மாள் வரைந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஆர்ட்டிஸ்ட் நாற்காலி அவளுக்கு. சம்பளம் மட்டும் எழுத்துப் பிரிக்கிறவளுடையதாகவே நின்றது. அவள் போட்ட ஒவ்வொரு லேபிளின் மூலையிலும் 'நவநீதம் ஆர்ட்ஸ்' என்று பொடியெழுத்தில் ஏறும். உழுகிறவன் ஒருவன், பட்டா இன்னொருவன் பேரில் என்று நடக்கிற நாட்டில் ஓர் ஊதுபத்திக் கட்டு மட்டும் எப்படித் தப்பும்?

அவளைப் பத்து ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது ஓர் ஆட்டுக்குட்டி. 1985-இல் சண்முகவேல் என்ற வியாபாரி சத்துமாவு போட ஆரம்பித்தார். கேழ்வரகு, கம்பு, பொரிகடலை வறுத்து அரைத்த மாவு, மஞ்சள் அட்டைப்பெட்டி. அதில் போட அவள் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை வரைந்தாள். ஒரு காது மடிந்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி, இப்போது துள்ளுமா அப்புறம் துள்ளுமா என்று நிற்கும் குட்டி. மல்லாங்கிணறிலிருந்து நரிக்குடி வரைக்கும் யாரும் கடையில் சத்துமாவு என்று கேட்கவில்லை. "ஆட்டுக்குட்டி ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்டார்கள். பிள்ளைகள் அந்தக் குட்டியைக் கத்தரித்து நோட்டு அட்டையிலும் தகரப்பெட்டி மூடியிலும் ஒட்டினார்கள். பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு பிள்ளையின் கையில் தன் குட்டியைப் பார்த்துவிட்டால் குருவம்மாளுக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம்.

மூன்று வருஷம் கழித்து சண்முகவேல் ஒரு புதுச் சரக்கோடு அச்சகத்துக்கு வந்தார். பருத்திக்குத் தூவும் பூச்சிப்பொடி. மூட்டையாக வாங்கி, தன் சரக்குக் கிட்டங்கியில் கால்கிலோ பெட்டிகளில் அடைத்து விற்கப்போகிறார்.

"அதே குட்டி, அதே மஞ்சள், அதே பெட்டி. பேரு மட்டும் மாத்திரு" என்றார்.

"அண்ணாச்சி, அது திங்கிறது. இது வெசம்."

"எனக்குத் தெரியாதா? பின்பக்கம் மண்டையோடு போடு. சட்டமும் அதத்தான் கேக்குது."

"முன்பக்கமே போட்டா என்ன?"

சண்முகவேல் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீகளா? காலங்காத்தால கடையத் தொறந்து சாம்பிராணி போடுறவன் எதுக்க எலும்பும் மண்டையும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னா, அவனுக்குப் போணி ஆகுமா? சனங்க ஆட்டுக்குட்டிய நம்புதும்மா. நம்பிக்கைய எதுக்குப் பாழாக்கணும்?"

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுவேலையின் முதல் தாளுக்குக் குங்குமம் வைத்துச் சாமி படத்தின் முன் வைப்பார்கள். பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனித் தாளில் அடித்து ஒட்டுவது. அன்று நவநீதகிருஷ்ணன் ஆட்டுக்குட்டித் தாளை மட்டும் சாமி முன் வைத்தார். மண்டையோட்டுத் தாளை விரல் நுனியால் எடுத்து, மிஷினுக்கடியில் எண்ணெய் துடைக்கப் போட்டார். குருவம்மாள் அதைக் கண்ணால் பார்த்தாள். ஆனால் உறைக்கவில்லை. வரையமாட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை. இதை நான் மறைக்க வேண்டியதில்லை, அவளே மறைப்பதில்லை.

1989 ஐப்பசி. பருத்தி விதைத்து, முளைத்து, முதல் மழைக்குப் பூச்சியும் கூடவே முளைத்திருந்தது. குருவம்மாளின் வீட்டுக்காரர் இன்பராஜ், நரிக்குடியிலிருந்து திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டைக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் சாயங்காலம் காக்கிச் சட்டையில் வாந்திக் கறையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"ஏ குருவு, ஒன் ஆட்டுக்குட்டிய இன்னைக்கு பஸ்ஸுல பாத்தேன்."

அவள் சிரித்தாள். "எதுல ஒட்டிருந்துச்சு? நோட்டுலயா, பையிலயா?"

"ஒட்டல. ஒரு பிள்ள தின்னுருச்சு."

நரிக்குடி தாண்டி ஒரு விலக்கில் மூக்கம்மாள் என்ற பெண் நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்திருக்கிறாள். பிள்ளையின் வாயில் நுரை. டாக்டரிடம் காட்ட ஒரு கையில் பெட்டி. இன்பராஜ் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுவிட்டார். திருச்சுழியில் இறங்க வேண்டியவர்கள் ஒருவர்கூட இறக்கிவிடு என்று கேட்கவில்லை. பஸ் நேரே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது. அங்கிருந்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"பொழச்சிருமா?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"தெரியல. அந்தப் பிள்ள மாவுன்னு நெனச்சிருக்கு. வெல்லத்தத் தொட்டுத் தின்னுருக்கு."

மறுநாள் அச்சகத்தில் இதைச் சொன்னபோது நவநீதகிருஷ்ணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பின்பக்கம் அம்புட்டுப் பெருசா மண்டையோடு போட்டிருக்கோம்ல? எழுத்துத் தெரியலன்னாலும் படம் தெரியாதா? என்னமோ, அதுக்கு விதி."

"விதி இல்ல மொதலாளி. நாலு கலர்ல நாம அச்சடிச்சது."

அதற்கு அவர் தலையை எடுத்தார்.

பிள்ளை பிழைத்தது. பேர் தங்கச்செல்வி. பதினோரு நாள் கழித்து ஊர் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும் குருவம்மாள் இன்பராஜின் பஸ்ஸிலேயே ஏறிப் போனாள். வீட்டு நிலையில் வேப்பிலை. பிள்ளையின் இடுப்பில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு. மதுரை டாக்டர்கள் பதினோரு நாள் கண் விழித்துக் காப்பாற்றிய உயிருக்கு, குறி சொல்லும் கோடாங்கி ஒரு சேவலும் பொங்கலும் வாங்கிக்கொண்டு, 'எல்லைச் சாமி விட்டுக்கொடுத்துட்டாரு' என்று பேர் தட்டிக்கொண்டு போயிருந்தான். அவனும் ஒரு வகையில் நவநீதம் ஆர்ட்ஸ்தான் என்று குருவம்மாள் நினைத்துக்கொண்டாள்.

பிள்ளையின் இடது கை சும்மா இருக்கும்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. குருவம்மாள் தான் யார் என்று சொன்னாள். ஆட்டுக்குட்டி வரைந்தவள் என்று ஒளிக்காமல் சொன்னாள். மூக்கம்மாள் அவளைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். மூக்கம்மாளோ, "நீயா வரஞ்ச? இம்புட்டு நல்லா வரைவியா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்போதுதான் மாடாக்குழியைப் பார்த்தாள். மீதிப் பொடி இருந்த பெட்டி மதுரை வரைக்கும் போய்விட்டு மறுபடி அங்கேயே வந்திருந்தது. காசு போட்டு வாங்கியது, பருத்தி இன்னும் வயலில் நிற்கிறது, தூக்கிப்போட முடியுமா? குட்டி வெளியே பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தது. மண்டையோடு சுவரைப் பார்த்திருந்தது.

"ஏந் தங்கச்சி, பின்னால மண்டையோடு இருக்கே, நீ பாக்கலையா?"

"பாக்காம? எங்கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" மூக்கம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "பாத்ததுனாலதான சொவத்துப் பக்கம் திருப்பி வச்சேன். வெளக்கு ஏத்துற எடத்துல பொணத்து மண்டைய வெளிய பாக்க வச்சா வீடு வெளங்குமா?"

குருவம்மாள் பெட்டியை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். மண்டையோடு என்ன சொல்கிறது என்று மூக்கம்மாளுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. புரிந்ததால்தான் திருப்பி வைத்திருக்கிறாள். எச்சரிக்கை எவ்வளவு பலமோ அவ்வளவு விரைவாக அது சுவர்ப்பக்கம் போயிருக்கிறது. வெளியே மிஞ்சியது ஆட்டுக்குட்டி, பிள்ளையைக் கைநீட்டிக் கூப்பிட்டபடி. அச்சகத்தில் எண்ணெய் துடைக்கப் போன தாள் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. படித்த முதலாளி செய்ததும் படிக்காத மூக்கம்மாள் செய்ததும் ஒன்றுதான். ஆனால் 'படிக்கத் தெரியாத சனம்' என்ற பேர் யாருக்கு?

மூடநம்பிக்கையைப் பழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பழிக்க வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூக்கம்மாள் திருந்தும் வரைக்கும் அவள் பிள்ளைக்குக் காத்திருக்க நேரமில்லை. சண்முகவேல் தை மாதம் பூச்சிப்பொடிக்கு ஒருகிலோ பெட்டி போடப் போகிறார். அதற்குப் புது லேபிள் வேண்டும். அந்த லேபிளில் ஆட்டுக்குட்டி ஏறக்கூடாது. குருவம்மாள் இதை மனதில் ஆணியடித்துக்கொண்டாள்.

அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் கடை கடையாகப் போனாள். மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி. முப்பத்தொரு கடை. முப்பதில் மண்டையோடு சுவரைப் பார்த்திருந்தது. திருச்சுழியில் ஒலி முகம்மது கடையில் மட்டும் அது தைரியமாகத் தெருவைப் பார்த்தது.

"ஒங்களுக்கு மட்டும் தோசம் இல்லையா பாய்?"

"எனக்கென்ன தோசம்? மண்டையோடு இல்லாத மனுசன் உண்டா?" என்றார் ஒலி முகம்மது. "ஆனா தாயி, நான் எடுத்து நீட்டுனதும் வாங்குறவுக, 'பாய், அதப் பேப்பர்ல சுத்திக் குடுங்க'ம்பாக. சுத்திக் குடுத்துருவேன்."

இதைக் கேட்டும் அவள் தவறு செய்தாள். நாலு பக்கமும் மண்டையோடு போட்டால் எந்தப் பக்கம் திருப்புவார்கள் பார்ப்போம் என்று, அப்படி நாலு பெட்டி செய்து மணல் நிரப்பி நாலு கடையில் வைத்துப் பார்த்தாள். இரண்டே நாளில் நாலு பெட்டியும் செய்தித்தாளுக்குள் போய்விட்டன. இதுவரைக்கும் பின்பக்கமாவது ஒரு மண்டையோடு இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. பேப்பரில் சுற்றிய பெட்டி அவலாகவும் இருக்கலாம், பொரிகடலையாகவும் இருக்கலாம்.

அந்த நாலு பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு அவள் மூக்கம்மாள் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். மூக்கம்மாள் அடுப்புக்கு விறகு உருவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை இழுத்துக்கொண்டு, "யக்கா! அசையாத!" என்றாள்.

விறகுக்கடியில் கருந்தேள் ஒன்று கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அத விட்டுக் கண்ண எடுக்காத. நான் வெளக்குமாறு எடுத்துட்டு வாரேன். கண்ண எடுத்தேன்னா எங்கிட்டுப் போகும்னு தெரியாது."

கை நடுங்கும் தங்கச்செல்வி அதற்குள் கயிற்றுக்கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு, "அந்தா! அந்தா!" என்று சுட்டிக்கொண்டிருந்தது. நாலு வயதுப் பிள்ளை. எழுத்து தெரியாது, மண்டையோடு தெரியாது. தேளைத் தெரியும். அந்த வறண்ட மண்ணில் நடக்கக் கற்கும்போதே கற்பது அது.

தேள் செத்தபின் குருவம்மாள் கேட்டாள். "ஏ மூக்கம்மா, தேளுப் படம் போட்ட பெட்டி வீட்டுல இருந்தா, சொவத்துப் பக்கம் திருப்பி வைப்பியா?"

"தேளுக்கு எவளாச்சும் முதுகு காட்டுவாளா? கண்ணுக்கு நேரா வச்சாத்தான் நிம்மதி."

"அப்ப பாம்பு?"

"அது சாமியில்ல? மஞ்ச குங்குமம் வச்சிருவோம்ல" என்று மூக்கம்மாள் சிரித்தாள்.

குருவம்மாளும் சிரித்தாள், அந்த மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

ஊர் திரும்பி அவள் வரைந்த தேள் பெட்டியின் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. முன்பக்கத்தில் இரண்டு இடுக்கிகள், அங்கிருந்து மூலை தாண்டி உடலும் கால்களும், அடுத்த பக்கத்தில் கணுக்கணுவாக வால், நாலாவது பக்கத்தில் வளைந்த கொடுக்கு. ஒரே தேள் பெட்டியைச் சுற்றிக் கிடந்தது. எப்படித் திருப்பினாலும் எந்தப் பக்கத்திலாவது அது இருக்கும். மஞ்சளை அடியோடு விட்டாள். சாம்பல் நிறத்தில் கறுப்புத் தேள், கொடுக்கின் நுனி மட்டும் ரத்தச் சிவப்பு. சட்டம் கேட்ட மண்டையோடு சட்டம் சொன்ன அளவில் தன் இடத்தில் இருந்தது. குட்டிப் பெட்டி, தேள் பெட்டி இரண்டிலும் மணல் நிரப்பி நரிக்குடி பால்வாடியில் பிள்ளைகள் முன் வைத்தாள். பன்னிரண்டு பிள்ளைகள். பதினோரு பேர் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கச் சண்டை போட்டார்கள். ஒரு பயல் தேள் பெட்டியைக் குச்சியால் தட்டிப் பார்த்தான். கையால் தொடவில்லை.

இத்தனையையும் மேசைமேல் பரப்பி அவள் சொன்னபோது, சண்முகவேல் தேள் பெட்டியைக் கடைசி வரை கையில் எடுக்கவில்லை.

"ஆட்டுக்குட்டி எம் மொதலும்மா. நாலு வருசமா ஊரு ஊரா நடந்து ஒவ்வொரு கடையா ஏத்துனது. ஒரு பிள்ள தெரியாமத் தின்னதுக்கு நான் எம் மொதல அழிக்கவா?"

"மாவுல இருக்கட்டும் அண்ணாச்சி. பொடியிலதான் வேண்டாங்கேன்."

நவநீதகிருஷ்ணன் குறுக்கே வந்தார். "ஆர்டர் குடுக்கிறவுக அவுக. வரையிறது ஓ வேலை. குட்டியப் பெரிய பெட்டிக்கு வர்ற மாதிரி வரஞ்சு வையி."

"வரைய மாட்டேன் மொதலாளி."

"அப்ப நாளைக்கு வராத."

பதின்மூன்று வருஷம் அந்தக் கூரைக்குக் கீழ் இருந்தவள். குருவம்மாள் மேசையைத் துடைத்தாள். சாயக் குப்பிகளை மூடி வரிசையாக வைத்தாள்.

"சாயம் ஒங்களது. குட்டியும் ஒங்க பேருலதான் இருக்கு, வச்சுக்கோங்க. பெரஷ் நான் வாங்குனது" என்று சொல்லிவிட்டு, மூன்று பிரஷ்களையும் தலைப்பில் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இன்பராஜ் செய்தி கேட்டு, "நல்ல வேலை செஞ்ச. இனி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்காம ஏறுவியே, அதுக்கென்ன செய்ய?" என்றார். நிஜமாகவே அதுதான் நடந்தது. சிவகாசியிலிருந்து வேறோர் ஆர்ட்டிஸ்டைப் பிடித்து நவநீதகிருஷ்ணன் குட்டியைப் பிரதி எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்க, குருவம்மாள் இரண்டு பெட்டிகளோடு மறுபடியும் அந்த முப்பத்தொரு கடைக்கும் ஏறி இறங்கினாள். யாரையும் திட்டவில்லை. மாவுப் பெட்டியையும் பொடிப் பெட்டியையும் கல்லா மேல் அடுத்தடுத்து, குட்டி தெரிய வைப்பாள். "இதுல எது மாவு, எது வெசம்? எழுத்தப் படிக்காமச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பாள். கடைக்காரர் கை ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடி போதும். பிறகு மூக்கம்மாளும் கூட வந்தாள். அவள் ஒன்றும் பேசவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டால் அதன் கை பேசிவிடும்.

முதலில் நிமிர்ந்தவர் ஒலி முகம்மது. சரக்கு வேன் திருச்சுழியில் வந்து நின்றதும் வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, மாவ எறக்கு, இல்ல பொடிய எறக்கு. ஒரு ஆட்ட ரெண்டு மொளையில கட்ட முடியாது."

"பாய், மொதலாளி வைவாரு."

"ஒன் மொதலாளிய எங்கிட்ட அனுப்பு. தெனமும் நூறு தாயிமாரு எங்கடையில வாங்குறாக. அவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அந்த வாக்கியம் வேனைவிட வேகமாகப் போயிற்று. மல்லாங்கிணறில் இரண்டு பேர், காரியாபட்டியில் ஐந்து பேர், அப்புறம் நரிக்குடி முழுக்க. கடைக்காரர்கள் மாவைத்தான் திருப்பி அனுப்பினார்கள். பருத்திக் காலத்தில் பொடிக்குத் தேவை அதிகம். மாவு திரும்பியதும்தான் சண்முகவேலுக்குக் காது கேட்டது. பிள்ளையின் நுரைக்குத் திறக்காத காது அது. நியாயம் சில ஆட்களிடம் வாசல் வழியாக நுழையாது, கிட்டங்கி வழியாகத்தான் நுழையும். நுழைந்தால் சரி.

தை பிறப்பதற்கு நாலு நாள் முன்னால் அவரே குருவம்மாள் வீட்டுக்கு வந்தார். இன்பராஜ் போட்ட ஸ்டூலில் பாதி உட்கார்ந்தார்.

"அந்தத் தேளக் குடும்மா. ஆனா ஒரு ஓரமா, அடையாளத்துக்குச் சின்னதா அந்தக் குட்டியும் இருக்கட்டும்."

"குட்டியோட வாலுகூட வராது அண்ணாச்சி."

"சரி, சரி. 'தேளையும் கொல்லும்'னு ஒரு வரி எழுதிரு. படத்துக்கும் பொருத்தமா இருக்கும், சனமும் வாங்கும்."

"கொல்லுமா? போட்டுப் பாத்தீகளா?"

"தேளப் பிடிச்சு எவம்மா போட்டுப் பாப்பான்?"

"அப்ப எழுத மாட்டேன்."

சண்முகவேல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வேறென்னதான் எழுதுவ?"

"பிள்ளைக கைக்கு எட்டாம வைக்கணும்னு எழுதுவேன். அப்புறம் மூலையில எம்பேரு, வீட்டு வெலாசம். நவநீதம் ஆர்ட்ஸ்னு இல்ல. குருவம்மாள், பந்தல்குடி ரோடு, அருப்புக்கோட்டை."

"இந்தா பாத்தியா," என்று அவர் இன்பராஜைப் பார்த்தார், "கடைசியில பேருக்குத்தான் இத்தன ஆட்டமுமா?"

"ஆமா அண்ணாச்சி, பேருக்குத்தான்" என்றாள் குருவம்மாள். "நாளைக்கு இதத் தின்னு இன்னொரு பிள்ள நுர கக்குச்சுன்னா, யாரு வீட்டுக் கதவத் தட்டணும்னு அதப் பெத்தவளுக்குத் தெரியணும்ல? போன தடவ மூக்கம்மா தட்டுறதுக்கு ஒரு கதவு இல்ல. நானாத்தான் தேடிப் போனேன்."

சண்முகவேல் எழுந்து போகும்போது தேள் பெட்டியை முதல் தடவையாகக் கையில் எடுத்துக்கொண்டு போனார். வேறோர் அச்சகத்தில் அது அடிக்கப்பட்டது. முதல் தாளைச் சாமி முன் வைத்தார்களா என்று அவள் விசாரிக்கவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கடைகளுக்குப் போய்வந்தாள். முப்பத்தொன்றில் இருபத்தொன்பது கடையில் இடுக்கி தெருவைப் பார்த்தது. மற்ற இரண்டில் கொடுக்கு. பேப்பரில் யாரும் சுற்றவில்லை. கடைசியாக நரிக்குடி தாண்டி அந்த விலக்கில் இறங்கினாள்.

பெட்டி மாடாக்குழியில் இல்லை. நிலைக்கு மேல், உயரத்தில் ஒரு பலகையடித்து அதில் இருந்தது, வாசலைப் பார்த்து.

"ஏக்கா, ஒனக்கு நல்லா வரையத் தெரியும்னுல நெனச்சேன்" என்று மூக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். "இதென்ன இம்புட்டு அசிங்கமா வரஞ்சு வச்சிருக்க? வீட்டுக்குள்ள நொழைஞ்சாலும் அதான் கண்ணுல படுது, வெளிய போனாலும் அதான் கண்ணுல படுது. மாடாக்குழியில வச்சா வெளக்கு ஏத்தவே கை போகல. அதான் மேல ஏத்திட்டேன்."

குருவம்மாளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அதற்கு முன்னும் பின்னும் யாரும் கொடுத்ததில்லை. அவள் எக்கிப் பெட்டியை எடுத்து, வேண்டுமென்றே சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்தாள். மூலை சுற்றிச் சிவப்புக் கொடுக்கு வெளியே வந்து நின்றது.

கீழே தங்கச்செல்வி, நடுக்கம் குறைந்த இடது கையால் அவள் சேலையைப் பிடித்து இழுத்தது.

"அத்தே, தொடாதீக! கொட்டிரும்."